பச்சைத் தண்ணி பல்லில் படாமல் ஒரு மலை

அடுத்த பயணத்தில் உங்கள் இருவரையும் பொறுப்பாளர்களாகச் சீனாய் மலைக்கு அனுப்பப் போவதாக நம் யாத்திரைக் கடை முதலாளி சொன்னார். "மதாம், புதுசா வந்தவங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் குடுங்க. நீங்க ஏறாத ஏத்தமா?" என்றார். ஏறினது உண்மைதான். அதன் பலன் என் இரண்டு முழங்கால்களிலும் இருக்கிறது. இங்கே பாரிசில் லா சப்பல் மெத்ரோப் படிகளையே இப்போது கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறேன். மலையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எழும்ப மனம் வராது, எழும்பினால் உட்கார மனம் வராது. ஆகவே ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன்.

பயணச்சீட்டு, விசா, அறைச் சாவி எல்லாம் கடையில் உங்களுக்குக் காட்டித் தருவார்கள். அதை நான் எழுதப் போவதில்லை. பேருந்தில் யார் முன் இருக்கையில் இருப்பது என்ற சண்டையையும் எழுதப் போவதில்லை. அது லூர்துக்குப் போனாலும் வரும், சீனாய்க்குப் போனாலும் வரும்.

மலையைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏறும் வழியில் மரம், மட்டை ஒன்றும் கிடையாது. சிவந்த கருங்கல்தான், அண்ணாந்து பார்க்கும் உயரம்வரை. அந்தப் பகுதியில் அதுதான் உயரமான மலை என்று எங்கள் ஆட்கள் நினைப்பார்கள். இல்லை, பக்கத்தில் அதைவிட உயரமான ஒன்று நிற்கிறது, அதை யாரும் கவனிப்பதில்லை. அடிவாரத்தில் பழைய மடம். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே மணி அடிக்கிறது. மேலே போக இரண்டு வழி: ஒட்டகங்கள் போகும் வளைந்த பாதை ஒன்று, துறவிகள் கல் அடுக்கிக் கட்டிய செங்குத்தான படிகள் இன்னொன்று. இரண்டும் உச்சிக்குக் கீழே ஒரு சிறு சமவெளியில் சேரும். அங்கே ஒரு கிணறும் பழைய சைப்பிரஸ் மரமும் இருக்கின்றன. அதற்கு மேலே எல்லாருக்கும் ஒரே படிகள்தான், ஒட்டகம் ஏறாது. உச்சியில் ஒரு சின்னத் தேவாலயமும் ஒரு சின்னப் பள்ளிவாசலும் அடுத்த வீட்டுக்காரர் மாதிரி நிற்கின்றன.

"இதுதானோ உண்மையான மலை?" என்று ஒருவராவது கேட்பார். படித்தவர்களுக்குள்ளேயே அதில் ஒற்றுமை இல்லை. வேறு மலையைக் காட்டுகிறவர்களும் உண்டு. நான் சொல்வது இதுதான்: "இத்தனை காலமாய்ச் சனம் அழுதுகொண்டு ஏறின மலை இது." அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. வெள்ளைக்காரர்கள் பலர் அழவெல்லாம் வருவதில்லை. கையில் தடியும் காலில் நல்ல சப்பாத்துமாக, சூரியன் மறைவதைப் படம் பிடிக்க வருகிறார்கள். ஏறி, படம் எடுத்து, பிஸ்கட் சாப்பிட்டு, சிரித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். சில நாட்களில் அவர்களைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருக்கும்.

எங்கள் ஆட்கள் மலைக்குப் பொழுதுபோக்கப் போவதில்லை. கணக்குத் தீர்க்கப் போகிறார்கள். நேர்த்திக்கடன் வைத்திருப்பார்கள், அதை உங்களிடம் சொல்லமாட்டார்கள். உங்களுடைய வேலை அங்கேதான் தொடங்குகிறது.

முதலாளி எனக்கு முதல் நாள் சொல்லித் தந்தது இரண்டே விஷயம். ஒன்று, வழிகாட்டி முன்னால் போவான், பொறுப்பாளர் கடைசி ஆளுக்குப் பின்னால் போகவேண்டும். இரண்டாவது, "முடியுமான்னு கேக்காதீங்க மதாம். செத்துக்கிட்டிருந்தாலும் முடியும்னுதான் சொல்வாங்க." மனுசன் கடைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாலும் சரியாகத்தான் சொன்னார். எங்கள் ஆட்களிடம் "ஏலுமோ?" என்று கேட்டால் "ஓம்" என்றுதான் பதில் வரும். அலுவலகத் தரையைத் துடைத்துப் பிழைத்தவர்களின் வாய் அது. ஏலாது என்று சொன்னால் நாளைக்கு வேலை இல்லை என்று பழகிவிட்டது.

யூலியானாவிடமும் அப்படித்தான். மன்னார்ப் பெண், பாரிசுக்கு வடக்கே பியர்ஃபித்தில் வீடு, விடியற்புறம் அலுவலகங்கள் துப்புரவு செய்யும் வேலை. மகள் நதாலியோடு வந்திருந்தாள். நதாலி இங்கே பிறந்தவள், இருபத்துச் சொச்சம். தாய் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள். அதுவும் பாதிதான் சொல்லுவாள். ஈஸ்டர் முடிந்த கையோடு போன குழு அது. அன்று மத்தியானத்துக்குப் பிறகு ஏறத் தொடங்கினோம். உச்சியில் மாலைச் செபம் சொல்லவேண்டும் என்று குருவானவர் மற்றவர்களோடு முன்னால் போய்விட்டார். கடைசியில் வந்தது தாயும் மகளும்தான். அவர்களுக்குப் பின்னால் நானும், சாலே என்ற உள்ளூர் இளைஞனும், பெதுவின் என்ற பாலைவனக் குடியைச் சேர்ந்தவன். அன்று பாலைவனக் காற்று வேறு. சூடான அடுப்பைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அப்படி.

முதல் தேநீர்க் குடிலில் நின்றபோது கேட்டேன்.

"தண்ணி குடிச்சனீங்களோ யூலியானா?"

"ஓம் ஓம்."

கையில் இருந்த போத்தலைப் பார்த்தேன். மூடிக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் வளையம் அறுபடவே இல்லை. நான் போத்தலைப் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

"எனக்கு வேர்க்கவே இல்லை அக்கா. பாருங்கோ," என்று கழுத்தைத் தடவிக் காட்டினாள். "வேர்க்காட்டி என்னத்துக்குத் தண்ணி?"

இந்தச் சொல்லை நன்றாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கடற்கரைச் சனம். வெக்கையை வேர்வையால் அளந்து பழகினவர்கள். சட்டை நனைந்தால் வெக்கை, நனையாவிட்டால் சுகம். பாலைவனத்தில் அந்தக் கணக்கு செல்லாது. வேர்வை தோலுக்கு வரமுன்னமே காற்று அதைக் குடித்துவிடும். உடம்பு வற்றிக்கொண்டே போகும், ஆள் "வேர்க்கேல்லை" என்று சந்தோசமாக நடந்துகொண்டிருப்பார். வெள்ளைக்காரரும் மலையில் பல பிழைகள் விடுவார்கள், இந்தப் பிழையை எங்கள் ஆட்கள்தான் விடுவார்கள்.

ஆனால் யூலியானாவுக்கு வேர்வை ஒரு சாட்டு மட்டுமே. நதாலிதான் எரிச்சலோடு உடைத்துச் சொன்னாள். சில ஆண்டுகளுக்கு முன் நதாலிக்கு இரத்தத்தில் புற்றுநோய் வந்தது. ஆஸ்பத்திரியில் தலைமயிர் எல்லாம் கொட்டிக் கிடந்தபோது, பிள்ளை எழும்பி நடந்தால் மோயீசன், அதுதான் மோசே, ஏறின மலையை, பச்சைத் தண்ணி பல்லில் படாமல் ஏறி முடிப்பேன் என்று தாய் மாதாவுக்கு நேர்ந்துவிட்டாள். பிள்ளை எழும்பி நடந்துவிட்டது. அன்று காலைப் பூசையிலிருந்து தாய் ஒன்றும் வாயில் வைக்கவில்லை.

"நான் கேக்கேல்லை அன்ரி," என்றாள் நதாலி. "நான் ஜமே, ஒருக்காலும் கேக்கேல்லை."

குடில்காரன் கண்ணாடிக் குவளையில் இனிப்புத் தேநீர் கொண்டுவந்து நீட்டினான். எனக்கு ஒரு குறுக்கு வழி தோன்றியது.

"பச்சைத் தண்ணிதானே பல்லிலை படாது எண்டு நேர்ந்தனீங்கள்? இது கொதிச்ச தண்ணி. தேத்தண்ணி. இதிலை என்ன பிழை?"

யூலியானா சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

"மாதாவுக்குத் தமிழ் விளங்காது எண்டு நினைச்சீங்களோ அக்கா?"

எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த இடத்திலேயே அவளைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். நான் அனுப்பவில்லை. இன்றைக்கும் அதைச் சரியென்றே நினைக்கிறேன். நேர்த்தி வைத்த மனுசியை அடிவாரத்தில் திருப்பினால், அடுத்த தரம் அவள் யாருக்கும் சொல்லாமல் தனியே வருவாள். மேலே உள்ள சமவெளிவரை வரட்டும், அங்கே வைத்துப் பார்ப்போம் என்று எனக்குள் ஓர் எல்லை வைத்தேன். ஓர் ஒட்டகத்தையும் பின்னால் கூட்டிவரச் சாலேயிடம் சொன்னேன். எல்லையை வாய்விட்டுச் சொல்லாதீர்கள். சொன்னால் அவர்கள் அதுவரை நடிப்பார்கள்.

சமவெளிக்கு வந்து சேர்ந்தபோது யூலியானாவின் உதடு வெடித்திருந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. தோல் மட்டும் காகிதம்போல் காய்ந்திருந்தது. "குளிராய்க் கிடக்கு," என்றாள். ஏலுமோ என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்து, "நீங்கள் விடிய வேலைக்கு எந்த வழியாலை போறனீங்கள்? எனக்கு ஸ்ரேசன் எல்லாம் சொல்லுங்கோ," என்றேன்.

ஒவ்வொரு நாளும் இருட்டோடு ஏறி இறங்கும் ரயில் பாதை. பியர்ஃபித், சென்-துனி, ஸ்தாத் து ஃபிரான்ஸ், கார் து நோர். அவள் "பியர்ஃபித்" என்றாள். பிறகு நின்றாள். "கார் து நோர்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இல்லை, அதுக்கு முன்னம்... அதுக்கு முன்னம் மடு," என்றாள்.

மடு, மன்னார்ப் பக்கத்து மாதா கோயில். நதாலியின் முகம் வெளிறியது. எனக்கு அது போதும்.

"யூலியானா, இதுக்கு மேலை இல்லை. நீங்கள் இஞ்சை தண்ணி குடிக்கிறீங்கள், ஒட்டகத்திலை இறங்குறீங்கள்."

"குடிச்சால் பிள்ளைக்கு அந்த வருத்தம் திரும்பி வரும்."

"வராது."

"நீங்கள் பொறுப்பு எடுப்பீங்களோ அக்கா?"

மலைக்கு நான் பொறுப்பு. ஒட்டகத்துக்கும் பேருந்துக்கும் நான் பொறுப்பு. பிள்ளையின் இரத்தத்துக்கு நான் எப்படிப் பொறுப்பெடுப்பேன்? குருவானவர் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த நேர்த்தியை வேறொன்றாக மாற்றிக் கொடுத்திருப்பார். அவர் உச்சியில் இருந்தார். சமவெளியில் தொலைபேசியும் எடுபடாது. எனக்குத் தெரிந்த சரித்திரத்தை எடுத்து விட்டேன். நாங்கள் இருந்த அதே சமவெளியில்தான், மோயீசனோடு ஏறி வந்த மூப்பர் எழுபது பேரும் நின்றதாக அங்கே சொல்லிவருகிறார்கள். அவர்கள் உச்சிக்குப் போகவில்லை. இங்கே இருந்தே கடவுளைக் கண்டார்கள், உண்டார்கள், குடித்தார்கள்.

"குடிச்சவையோ?"

"ஓம். கடவுள் அவையை ஒண்டும் செய்யேல்லை."

நான் போத்தலைக் கையில் எடுத்துவிட்டேன்.

"அவை பெரியாக்கள் அக்கா," என்றாள். "நான் கந்தோர்களிலை தரை கூட்டுறவள்."

எழும்பப் பார்த்தாள். கால் மடிந்து மறுபடி கல்லில் இருந்தாள். சாலே என்னைப் பார்த்தான். பிடித்துத் தூக்கி ஒட்டகத்தில் வைப்போமா என்று கையால் கேட்டான். தூக்கலாம். தூக்கி வைத்தாலும் வாயைத் திறக்க வைக்க முடியாது. கீழே போய்ச் சேரும்வரை அவள் தாங்குவாளோ என்பது எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது. நாற்பது பேரை எத்தனையோ தரம் ஏற்றி இறக்கிய எனக்கே பயம்.

அப்போது நதாலி தன்னுடைய தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். தாயைப் பார்த்துத் தமிழில் பேசினாள். அந்தப் பயணத்தில் அவள் தாயோடு தமிழில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தரம்.

"வருத்தம் எனக்குத்தானே வந்தது? நேர்த்தியை என்னட்டைத் தா. நான் தண்ணி குடிக்காமல் ஏறுறன். நீ இரு."

திரும்பிப் படிகளில் ஏறத் தொடங்கினாள். சாலே அவளைப் பிடிக்க எழும்பினான். நான் அவனுடைய கையைப் பிடித்து இருத்தினேன்.

பிள்ளைகளே, இந்தக் கட்டுரையில் நான் எழுத வந்தது இந்த ஓர் இடத்தைத்தான். நோய்ப்பட்டு எழும்பின பிள்ளையை அந்த வெக்கையில் தனியே படி ஏற விட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எவ்வளவு பாரம் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். அந்தப் படிகள் ஒரு பாறைக்குப் பின்னால் திரும்பி மறையும். அவள் அந்தத் திருப்பத்தை அடையுமுன் தாய் குடிப்பாள் என்று கணக்குப் போட்டேன். குடிக்காவிட்டால் ஓடிப்போய் மகளைப் பிடிக்கவேண்டும். வாதாடி வெல்லமுடியாத இடத்தில் வாயை மூடுங்கள், ஆனால் கண்ணை மூடாதீர்கள்.

யூலியானா மகளின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் திருப்பத்துக்குக் கிட்டப் போனாள். தாயின் கை என் மடிக்கு வந்தது. தன்னுடைய போத்தல் எது, மகளுடையது எது என்றுகூடப் பார்க்கவில்லை. கடகடவென்று குடித்தாள். பாதி கழுத்தில் வழிந்தது.

"குடிச்சிட்டன்," என்றாள். குரல் மேலே எட்டவில்லை. நான்தான் எழும்பி நின்று, "நதாலி, அம்மா குடிச்சிட்டா," என்று கூப்பிட்டேன். அவள் திரும்பி, படிப் படியாக இறங்கி வந்தாள். தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. மெல்ல மெல்ல உப்பும் சீனியும் கலந்து குடிக்கக் கொடுத்தோம். ஒட்டகத்தில் இறக்கினோம். இரவுச் சாப்பாட்டுக்கு முன் எல்லா ஸ்ரேசன்களையும் ஒழுங்காகச் சொன்னாள்.

என்னோடு மட்டும் பேசவில்லை. பாரிசுக்குத் திரும்பி வரும்வரை பேசவில்லை. விமான நிலையத்தில் பெட்டிக்குக் காத்து நின்றபோதுதான் பக்கத்தில் வந்தாள்.

"நீங்கள் நல்லதுக்குத்தான் செய்தனீங்கள் அக்கா. ஆனால் நான் இனி எப்பிடி நித்திரை கொள்ளுறது?"

ஒரு ஆளைக் காப்பாற்றினால் அந்த ஆள் உங்களை வாழ்த்தவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். எங்கள் தொழிலில் அது கிடைப்பதில்லை. பெட்டி வந்தது, அவள் போனாள். நான் வீட்டுக்குப் போய்ச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தேன்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு, ஒரு சனிக்கிழமை நதாலி கடைக்கு வந்தாள். கடை நிறையச் சனம். எல்லாரும் போகும்வரை மூலையில் நின்றாள். பிறகு, அடுத்த குழுவோடு தானும் அந்த மலைக்கு வரவேண்டும் என்றாள்.

"நேர்த்தியை நம்புறியோ?"

"இல்லை."

"பின்னை?"

"எனக்குக் கொன்த்ரோல் வருகுது, ஜனவரியிலை. திரும்பவும் இரத்தம் சோதிப்பினம். அம்மா ராவிலை எழும்பி வந்து என்ரை மூக்கிலை கை வைச்சுப் பார்க்கிறா, மூச்சு வருகுதோ எண்டு. ஒவ்வொரு ராவும். அவ நித்திரை கொள்ளுறேல்லை அன்ரி. நான் ஏறி முடிச்சால் கொள்ளுவா."

சோதனை முடிவு நல்லபடியாக வந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மருந்தாலோ மாதாவாலோ என்று என்னிடம் கேட்காதீர்கள். அது என் இலாகா இல்லை.

மார்கழிக் குளிரில், நல்ல பகலில் ஏறினோம். நான் அந்த மலையில் ஏறியது அதுதான் கடைசி. புறப்படமுன் அவளிடம் கண்டிப்பாகச் சொன்னேன், தண்ணீர் குடிக்காமல் என் பின்னால் வரக்கூடாது என்று. தலையாட்டினாள். ஒவ்வொரு குடிலிலும் போத்தலை வாய்க்குக் கொண்டுபோனாள், தொண்டை அசையவில்லை. நான் ஏமாறுகிற பேய்ச்சி இல்லை, கண்டுவிட்டேன். ஆனால் அன்று காற்றில் வெக்கை இல்லை. ஆள் இளசு, காலையில் நன்றாகச் சாப்பிட்டவள். இடையிடையே ஸ்ரேசன் கேட்டேன். பாரிசிலிருந்து ஒர்லேயான் வரைக்கும் உள்ளதெல்லாம் எரிச்சலோடு ஒப்புவித்தாள். அதே மலை, அதே நேர்த்தி, அன்றைக்குத் தடுத்த நான் இன்றைக்குக் காணாத மாதிரி நடந்தேன். எப்போது தடுப்பது, எப்போது காணாமல் விடுவது என்பதற்கு என்னிடம் சட்டம் ஒன்றும் இல்லை. இருந்தால் தந்திருப்பேன்.

உச்சியில் காற்று பலமாக அடித்தது. பிரயாணிகள் சிலர் தேவாலயச் சுவரோரம் இருந்து பாண் சாப்பிட்டார்கள். நதாலி அங்கே வைத்துத் தாய்க்குத் தொலைபேசி எடுத்தாள். காற்றில் கேட்காது என்று ஒலிபெருக்கியில் போட்டாள்.

"அம்மா, நான் மேலை வந்திட்டன். முடிஞ்சுது."

யூலியானாவின் குரல் கேட்டது.

"தண்ணி குடிச்சனியோ?"

நதாலி என்னைப் பார்த்தாள். அவளுடைய உதடுகள் இரண்டும் ஒட்டிப்போய் இருந்தன.

"ஓம் அம்மா. குடிச்சுக் குடிச்சுத்தான் வந்தனான்."

"அப்ப சரி," என்றாள் தாய். "நான் பயந்துகொண்டிருந்தனான், நீயும் என்னை மாதிரி விசர் வேலை பார்ப்பியோ எண்டு. நீ ஏறினதே போதும் பிள்ளை. ஆறுதலாய் இறங்கு."

நதாலி தொலைபேசியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் போத்தலை எடுத்தாள். விரல்கள் விறைத்துப்போய் மூடி திறபடவில்லை. நான் வாங்கித் திறந்து கொடுத்தேன். அழுதுகொண்டே குடித்து முடித்தாள்.